மூடிய கதவு அம்மனுக்கு மட்டும்தான்

மஞ்சளாற்றங்கரையில் மூங்கிலணைக் காமாட்சி குடியிருக்கிறாள். அவள் சந்நிதிக் கதவு திறப்பதே இல்லை. தீபாராதனை கதவுக்குத்தான், மாலை கதவுக்குத்தான். தேங்காயை உடைப்பதில்லை, பழத்தை உரிப்பதில்லை, முழுசாகவே படைக்கிறோம். நேர்ந்துகொண்ட நெய்யைக் குடத்தில் கொண்டுவந்து கொடுக்கிறோம். மகா சிவராத்திரிக்குச் சுற்றுவட்டாரமே திரண்டு அந்தக் கதவுக்கு முன்னால் நிற்கும். உள்ளே என்ன இருக்கிறது என்று எங்கள் தேவதானப்பட்டியில் எவனும் கேட்பதில்லை. கேட்கவும் வேண்டாம். அது ஆத்தாளுக்கும் பிள்ளைகளுக்கும் உள்ள பேச்சு.

எனக்குக் கோபம் எங்கே வருகிறது தெரியுமா? அந்தக் கும்பிடை அப்படியே தூக்கிக்கொண்டுபோய் ஆபீசு வாசலில் வைக்கிறோமே, அங்கேதான். பட்டா மாறுதலுக்கு எழுதிக் கொடுத்து எட்டு மாதமாகிறது. முதியோர் பணம் நின்று நாலு மாதமாகிறது. செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "ஐயா சாப்பிடப் போயிருக்காங்க" என்று பியூன் சொன்னதையும் கேட்டுவிட்டு, மூடிய கதவைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுத் திரும்புகிறார் நம் பெரியப்பா. அந்தக் கதவுக்குப் பின்னால் தெய்வமில்லை தம்பி. உன் அப்பன் கட்டிய வரியில் வாங்கிய மேஜை, நாற்காலி, ஒரு பீரோ. அந்தக் கதவைத் தட்டலாம். தட்டச் சட்டம் இருக்கிறது. அந்தச் சட்டத்தைப் படித்த நீ டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து என்ன செய்துகொண்டிருக்கிறாய்?

உன்னைத்தான் கேட்கிறேன். பி.எல். முடித்தாயிற்று. பார் கவுன்சிலில் பதிவும் ஆயிற்று. காலையில் பெரியகுளத்துக்குப் பஸ் ஏறுகிறாய், சீனியரின் கேஸ் கட்டைச் சுமக்கிறாய், வாய்தா வாங்குகிறாய், பொழுதடையத் திரும்புகிறாய். "அரசியலா? அதுக்குப் பணம் வேணும்ணே, சாதி வேணும், பின்னாடி ஆள் வேணும். நமக்கு எதுக்கு?" என்கிறாய். தேனி அரசு சட்டக் கல்லூரியில் படிக்கும் உன் தங்கச்சியும் இதையே சொல்கிறாள். 2019-இல் அந்தக் கல்லூரி வந்தபோது எனக்குக் கால் தரையில் பாவவில்லை. இந்தக் கம்பம் பள்ளத்தாக்குப் பிள்ளை சட்டம் படிக்க மதுரையிலும் மெட்ராசிலும் ரூம் தேட வேண்டாமே! ரூம் வாடகை மிச்சமாயிற்று. உங்களிடம் சேர்ந்துகிடக்கும் பயம்தான் இன்னும் செலவாகவில்லை.

சரி, பணத்திலிருந்தே பேசுவோம்.

இதே பள்ளத்தாக்கில், உத்தமபாளையத்தில், 1892-இல் பிறந்த ஒருவர் சென்னை மாகாணத்துக்கே முதல் மந்திரியாக இருந்திருக்கிறார். பொன்னம்பல தியாகராஜன். பி. டி. ராஜன் என்றால் பெரியவர்களுக்குத் தெரியும். ஆக்ஸ்போர்டு ஜீசஸ் கல்லூரியில் படிப்பு, லண்டன் இன்னர் டெம்பிளில் பாரிஸ்டர் பட்டம். இரட்டையாட்சி வந்து 1920-இல் நடந்த முதல் தேர்தலிலேயே மாகாணச் சட்டசபைக்குள் போனார். அப்போது வயது 28. 1930-இல் மந்திரி. 1936-இல் முதல் மந்திரியாக இருந்த பொப்பிலி ராஜா விடுப்பில் போனபோது ஏப்ரல் 4 முதல் ஆகஸ்ட் 24 வரை முதல் மந்திரி.

"அவருக்கென்ன, பணக்கார வீட்டுப் பிள்ளை" என்று வாய் வரைக்கும் வந்துவிட்டதா? சொல்லிவிடு. உண்மைதான், நான் மறைக்கப்போவதில்லை. பெரிய நிலக்கிழார் குடும்பம். கப்பலேறிப் படிக்க வசதி இருந்தது. அவர் மகன் பழனிவேல்ராஜன் 1996 முதல் 2001 வரை நம் சட்டமன்றத்தின் சபாநாயகர். பேரன் பழனிவேல் தியாகராஜன் 2021-இல் நிதி அமைச்சர். ஏணி அந்த வீட்டுத் தாழ்வாரத்திலேயே சாத்தியிருந்தது. 1920-இல் ஓட்டுப் போட்டவர்களும் சொத்தும் வரியும் உள்ள சிறு கூட்டம்தான். உன் கொள்ளுத் தாத்தா கூலிக்காரர் என்றால் அவருக்கு ஓட்டே கிடையாது. அப்படி நடந்த தேர்தலில் பெரிய வீட்டுப் பிள்ளை ஜெயித்ததைக் காட்டி உனக்குத் தன்னம்பிக்கை விற்க நான் வரவில்லை.

நான் காட்ட வந்தது 1952-ஆம் வருஷத்து ராஜனை.

1937-இல் காங்கிரஸ் அலை அடித்தது. மாகாணச் சட்டசபையின் 215 இடங்களில் 159 காங்கிரசுக்கு. ஆண்டுகொண்டிருந்த ராஜனின் நீதிக்கட்சி மண்ணைக் கவ்வியது. 1944-இல் சேலம் மாநாட்டில் பெரியாரும் அண்ணாவும் கட்சியின் பெயரையே திராவிடர் கழகம் என்று மாற்றினார்கள். இளவட்டமெல்லாம் அவர்கள் பின்னால் போயிற்று. பழைய பெயரை விடமாட்டோம் என்று ஒதுங்கி நின்ற சிலருக்குத் தலைவராக இருந்தார் ராஜன். கூரை போன வீட்டுக்குக் காவலிருந்த மாதிரிதான். அவர் எடுத்த பக்கம் சரியா தப்பா என்று நான் தீர்ப்புச் சொல்லப்போவதில்லை. வரலாறு அந்தப் பக்கம் போகவில்லை, அது தெரிந்ததே.

பிறகு வந்தது 1952. வயது வந்த எல்லோருக்கும் ஓட்டு என்றான பின் நடந்த முதல் பொதுத்தேர்தல். நாற்று நட்டவளுக்கும் ஓட்டு, மாடு மேய்த்தவனுக்கும் ஓட்டு. ராஜனின் கட்சி நிறுத்தியது ஒன்பது பேரை. எட்டுப் பேர் தோற்றார்கள். ஜெயித்தவர் ஒரே ஒருவர், கம்பம் தொகுதியில் பி. டி. ராஜன்.

கொஞ்சம் நின்று யோசித்துப் பார். வயது 60. முதல் மந்திரி நாற்காலியில் உட்கார்ந்து இறங்கிப் பதினாறு வருஷம் ஆகிவிட்டது. வீட்டில் பட்டம் இருக்கிறது, தோட்டம் இருக்கிறது, பேர் இருக்கிறது. சாய்வு நாற்காலியைத் திண்ணையில் போட்டுக்கொண்டு "அந்தக் காலத்திலே நாங்கள்" என்று ஆரம்பித்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். வரி கட்டுகிறவனிடம் மட்டும் ஓட்டுக் கேட்டுப் பழகியவர், இனிமேல் கூலிக்காரியிடம் கேட்க வேண்டும். கேட்டார். தோற்றால் மானம் போகும் என்று அவர் நினைத்திருந்தால், கம்பத்தின் தேர்தல் கணக்கில் அந்த வருஷத்துக்கு வேறு பெயர் இருந்திருக்கும். அந்த ஆளின் பணத்தைப் பார்த்து நீ ஏங்குகிறாய். முகத்தில் அடி வாங்கிய பிறகும் மனுத் தாக்கல் செய்ய நடந்து போனாரே, அந்தக் காலைப் பார்க்க மாட்டேன் என்கிறாய். பணம் உனக்கு இல்லை, ஒப்புக்கொள்கிறேன். கால் இல்லையா?

ஒரு வேடிக்கை. நம் பள்ளத்தாக்கில் பி.டி.ஆர். கால்வாய் என்று ஒன்று ஓடுகிறது, தந்தை பெரியார் கால்வாய் என்று இன்னொன்றும் ஓடுகிறது. இரண்டுக்கும் சேர்த்துத்தான் தண்ணீர் திறப்பு அறிவிப்பு வரும், 5,146 ஏக்கர் பாசனம் என்று. 1944-இல் ஆளுக்கொரு பக்கம் பிரிந்து போனவர்களை முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் ஒரே அறிவிப்பில் சேர்த்து உட்காரவைத்துவிட்டது! எனக்கு ஒவ்வொரு வருஷமும் அந்தச் செய்தியைப் படிக்கும்போது சிரிப்பு வரும்.

அடுத்தது உன் இரண்டாவது சாக்கு, சாதி. இதற்கு நான் பதில் சொன்னால் நீ நம்ப மாட்டாய். அம்பேத்கர் சொல்லட்டும். பாரிஸ்டர் பட்டத்தோடு 1923-இல் பம்பாய்க்குத் திரும்பினார். கட்சிக்காரர்களைக் கூட்டிக் கொடுக்கும் சொலிசிட்டர்கள் தீண்டப்படாதவர் என்று அவருக்குக் கேஸ் தரத் தயங்கினார்கள். அதே வருஷம் பம்பாய்ச் சட்டசபையில் போலே என்பவர் ஒரு தீர்மானம் கொண்டுவந்து நிறைவேற்றியிருந்தார்: அரசுப் பணத்தில் கட்டிய கிணறு, குளம், சத்திரம் எல்லாவற்றையும் தீண்டப்படாதவர்களும் பயன்படுத்தலாம். மகாடு நகராட்சியும் தன் குளத்தைத் திறந்துவிட்டதாக எழுதி வைத்தது. எழுதி வைத்ததோடு சரி, குளத்தில் ஒருவரும் கால் வைக்க முடியவில்லை. 1927 மார்ச் 20-ஆம் தேதி ஆயிரக்கணக்கான பேரைக் கூட்டிக்கொண்டு நடந்துபோய் அந்தக் குளத்துத் தண்ணீரைக் கையில் அள்ளிக் குடித்தார் அம்பேத்கர். அப்போது சட்டசபையிலும் நியமன உறுப்பினராக இருந்தார். எதிராளிகள் சும்மா இருப்பார்களா? "குளம் எங்கள் சொத்து" என்று சிவில் வழக்குப் போட்டார்கள். பத்து வருஷம் இழுத்தது. 1937-இல் பம்பாய் உயர் நீதிமன்றத்தில் வென்ற பிறகுதான் முடிந்தது. அந்த வருஷமே தேர்தலில் நின்று பம்பாய்ச் சட்டசபைக்குள் வந்து, கொங்கணத்துக் கோத்தி நிலமுறையை ஒழிக்க ஒரு மசோதாவும் கொண்டுவந்தார்.

வரிசையைக் கவனித்தாயா? சபையில் ஒரு தீர்மானம், குளக்கரையில் ஒரு நடை, கோர்ட்டில் பத்து வருஷம், மறுபடி சபையில் ஒரு மசோதா. முதல் தீர்மானம் போலேயுடையது, மற்ற மூன்று இடத்துக்கும் ஒரே கருப்புக் கோட்டுதான் போய் வந்தது. அந்தக் கோட்டைத்தான் நீ ஆணியில் மாட்டி வைத்திருக்கிறாய்.

இன்னும் பக்கத்தில் வேண்டுமா? மதுரைக்கு வா. 1939 ஜூலை 8. வக்கீல் வைத்தியநாதய்யர் தாழ்த்தப்பட்ட தோழர்களைக் கூட்டிக்கொண்டு மீனாட்சியம்மன் கோயிலுக்குள் நுழைந்தார். அதில் ஒருவர் மேலூர்ப் பக்கத்துத் தும்பைப்பட்டி கக்கன், பின்னாளில் இந்த மாநிலத்துக்கே போலீஸ் மந்திரி. நுழைந்தவர்கள் மேல் வழக்கு வரும் என்று எல்லோருக்கும் தெரியும். சென்னை மாகாணப் பிரதமர் நாற்காலியில் அப்போது இருந்தவர் ராஜாஜி, அவரும் சேலத்து வக்கீல். உடனே அவசரச் சட்டம் வந்தது, பின்னாலேயே ஆலயப் பிரவேசச் சட்டம் வந்தது. வாசலில் நின்ற வக்கீல் காலை எடுத்து வைத்தார், சபையில் இருந்த வக்கீல் அந்தக் காலுக்குக் கீழே தரை போட்டார். அய்யர் பின்பு 1946-இல் மேலூரிலிருந்து சட்டசபைக்குப் போனார். அந்த நுழைவுக்கு முன்னால் அவருக்கு எத்தனையோ வருஷ சேரி வேலை இருந்தது. அதை விட்டுவிட்டுப் பதவியை மட்டும் எண்ணாதே.

"இதெல்லாம் சரித்திரம்ணே. இப்போ சட்டசபையில என்ன நடக்குது? கை தூக்குறாங்க, மேசையத் தட்டுறாங்க." இதுதானே உன் மூன்றாவது பேச்சு? அந்தக் கை தூக்கல் உன் சோற்றுத் தட்டு வரைக்கும் வரும் என்பதற்கு முல்லைப் பெரியாற்றைவிடச் சாட்சி வேண்டுமா? நம் தேவதானப்பட்டிக்கு மஞ்சளாறுதான். 57 அடி அணை நிரம்பினால் நமக்குப் பொங்கல். பெரியாற்றுத் தண்ணீர் நம் வாய்க்காலுக்கு வருவதில்லை. ஆனால் உன் அத்தை மகன் கூடலூரில் நெல் போடுகிறான், சித்தப்பா காமயகவுண்டன்பட்டியில் பன்னீர் திராட்சைப் பந்தல் போட்டிருக்கிறார். அவர்களைக் கேள்.

1886-இல் திருவிதாங்கூரோடு 999 வருஷக் குத்தகை. 1895-இல் பென்னிகுக் அணையை முடித்தார். 1979-இல் அணைக்கு ஆபத்து என்று பேச்சுக் கிளம்பி, நீர்மட்டத்தை 136 அடிக்கு இறக்கினார்கள். பலப்படுத்தும் வேலை நடந்தது, வழக்கு நடந்தது. 2006 பிப்ரவரி 27-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் 142 அடி வரை தேக்கலாம் என்றது. கம்பத்தில் வெடி போட்ட சத்தம் அடங்கவில்லை, அடுத்த மாதமே கேரளச் சட்டசபை கூடிச் சட்டத்தைத் திருத்தியது. 136-க்கு மேல் கூடாது என்று அட்டவணையிலேயே எழுதிவிட்டது. கோர்ட் கொடுத்ததை ஒரு சபை கை தூக்கிப் பறித்துக்கொண்டது. மறுபடி கோர்ட். 2011 டிசம்பரில் இந்தப் பள்ளத்தாக்குச் சனம் குமுளி ரோட்டில் திரண்டது உனக்கே நினைவிருக்கும், பள்ளிக்கூடப் பையனாக நீயும் வேடிக்கை பார்த்திருப்பாய். 2014 மே 7-ஆம் தேதி ஐந்து நீதிபதிகள் அமர்வு, அந்தத் திருத்தச் சட்டம் செல்லாது என்றது. அந்த நவம்பரில் தண்ணீர் 142-ஐத் தொட்டது. முப்பத்தைந்து வருஷம் தம்பி! கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக வயல், ஒரு சட்டப்பிரிவின் இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று முப்பத்தைந்து வருஷம் காத்துக் கிடந்தது.

அப்புறமும் சட்டசபையில் என்ன இருக்கிறது என்று கேட்பாயா? அங்கே ஒரு மசோதா மேசைக்கு வரும்போது, அதன் எட்டாம் பிரிவில் ஒளிந்திருக்கும் "அல்லது" என்ற சொல்லைக் கண்டுபிடித்து எழுந்து நிற்க ஒரு ஆள் வேண்டும். மானியக் கோரிக்கையின் புத்தகத்தைப் புரட்டி, போன வருஷம் ஒதுக்கிய பணம் எங்கே என்று குறுக்கு விசாரணை செய்ய ஒரு ஆள் வேண்டும். அரசாணையை வாசித்தவுடன் அதில் யார் விடுபட்டுப் போனார்கள் என்று தெரிய வேண்டும். உனக்கு இந்த மூன்றும் தெரியும். ஐந்து வருஷம் படித்தது அதற்குத்தான். 234 பேர் உட்காரும் அந்த மண்டபத்தில் உன் வேலை காலியாகக் கிடக்கிறது, நீ இங்கே டீ ஆறுகிறது என்று கவலைப்படுகிறாய்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. சட்டம் படித்ததும் ஏதோ ஒரு கட்சியின் வழக்கறிஞர் அணியில் பேர் எழுதிக்கொண்டு, கும்பிட்ட கையோடு பைபாஸ் ரோட்டில் ஃபிளெக்ஸ் வைத்துக்கொண்டு, தலைவர் கார் வந்தால் பின்னாலேயே ஓடுகிறவனை நான் கூப்பிடவில்லை. அவனை எனக்குப் பிடிக்காது. கட்சியில் சேர், தப்பே இல்லை. கட்சி இல்லாமல் ஜெயிப்பது மலையைத் தோளில் தூக்குகிற காரியம். ஆனால் பேனருக்கு முன்னால் மனு வரவேண்டும். உன் முகம் ஊருக்குத் தெரிவதற்கு முன்னால் உன் கையெழுத்து ஊருக்குத் தெரிய வேண்டும்.

கையெழுத்துக்கு என்ன செலவு? கணக்குப் பார்ப்போமே. வக்கீலாகப் பதிவு செய்யச் சட்டம் சொன்ன கட்டணம் 750 ரூபாய், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 125. பார் கவுன்சில்கள் அதற்கு மேல் வாங்கக் கூடாது என்று 2024 ஜூலை 30-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அடித்துச் சொல்லிவிட்டது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனுவுக்கு 10 ரூபாய், 30 நாளில் பதில் வர வேண்டும். பெரியப்பாவின் பட்டா எந்த மேசையில் எத்தனை நாள் கிடந்தது என்று அந்தப் பத்து ரூபாய் கேட்கும். மூடிய கதவுக்கு அந்தப் பத்து ரூபாய் நல்ல சாவி. 1987-ஆம் வருஷத்துச் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் காவலில் இருப்பவர்களுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. இது தெரியாமல் தாலியை அடகு வைத்து வக்கீல் பீஸ் கொடுக்கிற அக்காமார் நம் தெருவிலேயே இருக்கிறார்கள். லட்சுமிபுரத்து மாவட்டக் கோர்ட்டுக்கு அந்த அக்காவைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போக உனக்கு எந்தக் கட்சியின் சீட்டு வேண்டும்?

தேர்தலுக்கு வருவோம். உள்ளாட்சிக்கு 21 வயது போதும். தமிழ்நாட்டு உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு. தங்கச்சி, நீ இதைக் காதில் போட்டுக்கொள். உன் பெயரில் நாற்காலி ஒன்று காத்திருக்கிறது. நீ உட்காராவிட்டால் யாரோ ஒருவரின் மனைவி உட்காருவாள், பின்னால் நின்று அவர் பேசுவார். சட்டமன்றத்துக்கு 25 வயது. டெபாசிட் 10,000, பட்டியல் சாதி, பழங்குடி என்றால் 5,000. பதிவான செல்லும் ஓட்டில் ஆறில் ஒன்றுக்கு மேல் வாங்காவிட்டால் அந்தப் பணம் போகும். போகலாம். முதல் தடவை போகத்தான் போகும் என்றே வைத்துக்கொள். செலவுக்குத் தேர்தல் ஆணையம் 40 லட்சம் என்று வரம்பு கட்டியிருக்கிறது. அது இதற்கு மேல் போகாதே என்று போட்ட கோடு, இவ்வளவு இருந்தால்தான் வா என்று எழுதிய போர்டு இல்லை. எதிராளி கோடியை இறைப்பான், தெரியும். இறைத்தவனிடம் பட்டா மாறிக்கொடுத்த கையெழுத்து இருக்குமா? இருந்தால் அவனுக்கே ஓட்டுப் போடட்டும் சனம், நீ அடுத்த மனுவை எழுது.

பத்து வருஷம் ஆகும். பதினைந்தும் ஆகலாம். உத்தமபாளையத்துப் பெரிய வீட்டுக்கே 1937-இல் இருந்து 1952 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நீ ஆறு மாதத்தில் சலிக்காதே.

தேவதானப்பட்டி பேரூராட்சி, நமக்குக் கிராம சபை கிடையாது. அதனால் என்ன, நாலு திசையிலும் ஊராட்சிகள் இருக்கின்றன. உன் மாமன் மச்சான் அத்தனை பேரும் அங்கேதான் இருக்கிறார்கள், துணைக்குப் போ. அங்கே கிராம சபை கூடும் ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2. இதில் அடுத்து எது வருகிறதோ அன்றைக்குக் காலையில் வெள்ளைச் சட்டையோடு வா. மரத்தடியில் ஒரு மேசை போடுவோம். மனு எழுதத் தெரியாதவர்கள் வரிசையில் நிற்பார்கள், பெரியப்பாதான் முதல் ஆள். பேனாவும் பேப்பரும் நான் கொண்டுவருகிறேன்.